துயரம் என்று தலைப்பிட்ட வாதம்

‘ஞானோதயா’ என்ற மராத்தி இதழின் 1855 பிப்ரவரி 15, மார்ச் 1 வெளியீடுகளில் ஒரு பள்ளி மாணவியின் கட்டுரை இரண்டு பகுதிகளாக அச்சானது. எழுதியவர் முக்தா சால்வே. சாவித்ரிபாயும் ஜோதிராவ் பூலேயும் புனேயில் நடத்திய பள்ளியில் படித்த மாங் சாதிச் சிறுமி. வயது பதினான்கு என்று பொதுவாகச் சொல்கிறார்கள். மாங், மஹார் மக்களின் துயரத்தைப் பற்றியது என்று தலைப்பே அறிவித்துவிடுகிறது. அதனால் அந்தக் கட்டுரையைக் குறிப்பிடுகிறவர்கள் பெரும்பாலும் துயரத்தோடு நின்றுவிடுகிறார்கள். தீண்டாமைக்கு ஆளான ஒரு சிறுமியின் கண்ணீர், இந்தியாவின் முதல் தலித் பெண் குரல் என்றெல்லாம் சொல்லி அடுத்த பக்கத்துக்குப் போய்விடுகிறார்கள்.

கட்டுரையை நிதானமாக வாசித்தால் கண்ணீரைவிட வழக்குரைஞரின் நிதானம்தான் முதலில் கண்ணில் படும். வேதம் தங்களுக்கு மட்டுமே உரியது, பிறர் அதைப் பார்க்கவும் கூடாது என்று பிராமணர்கள் சொல்கிறார்கள் அல்லவா, சரி, அப்படியே வைத்துக்கொள்வோம் என்று எதிராளியின் கூற்றை முக்தா முதலில் ஏற்றுக்கொள்கிறார். ஏற்றுக்கொண்ட பிறகு அதன் விளைவைக் காட்டுகிறார். முஸ்லிம்களுக்குக் குர்ஆன் இருக்கிறது, ஆங்கிலேயருக்கு விவிலியம் இருக்கிறது, பிராமணர்களுக்கு வேதம். எங்களுக்கு எந்த நூலும் இல்லை என்பதை வேதக்காரர்களே ஒப்புக்கொண்டுவிட்டார்கள். நூல் இல்லாதவர்கள் என்றால் மதம் இல்லாதவர்கள். அப்படியிருக்க எந்த மதத்தின் பெயரால் எங்களை ஒதுக்குகிறீர்கள்? எங்கள் மதம் எது என்று கடவுளே சொல்லட்டும், ஒருவர் அனுபவிக்க மற்றவர்கள் வெறுமனே பார்த்துக்கொண்டிருக்கும் மதம் இந்த மண்ணில் இல்லாமலே போகட்டும் என்று முடிகிறது அந்தப் பகுதி. தர்க்க சாஸ்திரம் படித்த பண்டிதர்கள் நிறைந்த ஊர் புனே. அவர்களுடைய ஆயுதத்தைக் கொண்டே அவர்களை மடக்கியவர், எழுத்துக் கூட்டப் பழகிச் சில ஆண்டுகளே ஆன சிறுமி.

மற்ற பகுதிகளிலும் இதே முறைதான். பேஷ்வா ஆட்சி 1818இல் முடிந்தது; முக்தா பிறப்பதற்கும் முன்பு. பெரியவர்களிடம் கேட்டதைச் சாட்சியம்போல அடுக்குகிறார். உடற்பயிற்சிக் கூடத்தின் முன்னால் நடந்துபோனதற்குத் தலை வெட்டப்பட்டவர்கள், மாளிகைகளின் அடித்தளத்தில் செந்தூரம் கலந்த எண்ணெய் குடிக்க வைத்துப் புதைக்கப்பட்டவர்கள், எழுத்தறிந்தது தெரிந்ததும் தண்டிக்கப்பட்டவர்கள் என்று நீள்கிறது பட்டியல். பிறகு தம் காலத்துக்கு வருகிறார். கூரை இல்லாத இடத்தில் மழையிலும் குளிரிலும் பிள்ளை பெறும் பெண்களைச் சொல்லிவிட்டு, காசு வாங்காமல் அவர்களுக்கு மருந்து கொடுத்த வைத்தியர் உங்களில் ஒருவராவது உண்டா என்று கேட்கிறார். கல்லெறிந்து காயப்படுத்தும் மேல்சாதிப் பிள்ளைகளைப் பற்றி எங்கள் பிள்ளைகள் ஏன் புகார் சொல்வதில்லை என்பதற்கு அவர் தரும் விடைதான் எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது. மிச்சச் சோற்றுக்கு அதே வீட்டு வாசலில்தான் போய் நிற்க வேண்டும். மௌனத்துக்கான பொருளியல் காரணத்தை ஒரு வரியில் சொல்லிவிடுகிறார். தம் பக்கத்தையும் விட்டுவைக்கவில்லை. மஹார்கள் தங்களை மாங்குகளைவிட உயர்ந்தவர்கள் என்று நினைத்துக்கொள்வதைச் சுட்டி, இந்த நோய் எங்கிருந்து ஒட்டியது என்றும் சொல்கிறார். படிநிலைச் சமத்துவமின்மை என்று பின்னாளில் அம்பேத்கர் விரித்துரைத்த கருத்தின் விதை இது.

இதை அச்சிட்டது அகமதுநகரில் 1842இல் அமெரிக்க மிஷனரிகள் தொடங்கிய இதழ் என்பதை மறந்துவிடக் கூடாது. எங்கள் மதம் எது என்ற கேள்வியை அச்சிட அவர்களுக்கு ஒரு சொந்தக் காரணமும் இருந்திருக்கும். அந்தக் கேள்விக்கு அவர்கள் கையில் ஆயத்த விடை இருந்தது. முக்தா ஆங்கிலேய ஆட்சியைப் புகழ்கிறார், ஆனால் அந்த ஆயத்த விடையை எடுத்துக்கொள்ளவில்லை. கட்டுரையின் முடிவில் தம் மக்களைப் பார்த்து, உங்கள் நோய்க்கு மருந்து கல்விதான் என்கிறார். அதற்குப் பிறகு அவர் என்ன ஆனார், வேறு ஏதாவது எழுதினாரா என்று உறுதியாகச் சொல்ல ஆதாரம் எதுவும் கிடைக்கவில்லை. ஒரே ஒரு பள்ளிக் கட்டுரை. சூசி தாருவும் கே. லலிதாவும் தொகுத்த இந்தியப் பெண் எழுத்துகளின் முதல் தொகுதி 1991இல் வெளிவந்து, மாயா பண்டிட்டின் மொழிபெயர்ப்பில் அது மராத்திக்கு வெளியே பரவலாகத் தெரியவரும்வரை 136 ஆண்டுகள் ஆகின.

சமத்துவத்துக்காக மாணவர்களும் பட்டதாரிகளும் எழுதியதன் வரலாற்றை இந்தியாவில் எங்கிருந்து தொடங்கினாலும், அந்த எழுத்து வாசிக்கப்படும் விதத்தில் ஒரு கோணல் இருப்பது தெரியும். ஒடுக்கப்பட்ட இடத்திலிருந்து வரும் மாணவர் எழுதினால் அது அனுபவம். மற்றவர் எழுதினால் ஆய்வு. முன்னதைப் படித்து உருகுகிறோம், பின்னதோடு விவாதிக்கிறோம். உருகுவது சுலபம், அதற்குப் பதில் சொல்ல வேண்டிய கடமை கிடையாது.

தமிழ்நாட்டில் இரட்டைமலை சீனிவாசனின் கதையிலும் இதே கோணல் உண்டு. கோவையில் தாம் படித்த நாட்களை அவர் 1939இல் வெளியான ‘ஜீவிய சரித்திர சுருக்கம்’ நூலில் நினைவுகூர்கிறார். ஏறத்தாழ 400 மாணவர்கள், பத்துப் பேர் தவிர எல்லோரும் பிராமணர்கள். சாதி தெரிந்துவிடுமோ என்ற அச்சத்தில் யாருடனும் பழகாமல், விளையாடப் போகாமல், மணியடித்து எல்லோரும் வகுப்புக்குள் போனபின் நுழைந்த சிறுவனின் சித்திரம் அது. பாடநூல்களிலும் மேடைகளிலும் திரும்பத் திரும்பச் சொல்லப்படுவதும் அதுதான். ஆனால் படித்து வெளியே வந்த சீனிவாசன் இளமையில் எழுதியது அதை அல்ல. பள்ளியில் மறைத்த பெயரையே தலைப்பாக்கி 1893 அக்டோபரில் ‘பறையன்’ என்ற நான்கு பக்க இதழைத் தொடங்கினார். தம் வேதனையைச் சொல்ல அதில் அவர் இடம் ஒதுக்கவில்லை. அரசுக்கு விண்ணப்பம் எழுதும் வேலையில் இறங்கினார்.

இந்தியக் குடிமைப் பணித் தேர்வை லண்டனில் மட்டுமல்லாமல் இந்தியாவிலும் நடத்த வேண்டும் என்று காங்கிரஸ் கேட்டுக்கொண்டிருந்த காலம். சீனிவாசன் அதை எதிர்த்து 3,412 பேரிடம் கையொப்பம் வாங்கிப் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்துக்கு அனுப்பினார். தேசியவாதத்தில் ஊறிய கண்ணுக்கு இது ராஜவிசுவாசமாகத் தெரியும். அவர் வைத்த கணக்கு வேறு. தேர்வு இங்கே வந்தால், அப்போதிருந்த கல்வி நிலைமையில், யார் தேறுவார்கள், தேறியவர் கலெக்டராகி வந்தால் சேரிக்கு எப்படி இருக்கும் என்று கேட்டார். போட்டி எல்லோருக்கும் பொதுவாக இருப்பதாலேயே அது சமமாகிவிடாது என்ற வாதம் 1893இலேயே தமிழ்நாட்டுப் பட்டியலினத்தாரின் பெயரால் எழுத்தில் வந்துவிட்டது. தகுதி பற்றிய இன்றைய சண்டைகளில் அந்த விண்ணப்பத்தை யாரும் மேற்கோள் காட்டுவதில்லை. மணியடித்தபின் வகுப்புக்குப் போன சிறுவனைத்தான் காட்டுகிறார்கள்.

1916க்கு வருவோம். பரோடா மன்னர் மூன்றாம் சயாஜிராவ் கெய்க்வாட் தந்த உதவித்தொகையில், மாதம் பதினொன்றரைப் பவுண்டு, நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்துக்கு 1913இல் போய்ச் சேர்ந்த அம்பேத்கருக்கு அப்போது வயது 25. மே 9ஆம் தேதி, மானுடவியல் பேராசிரியர் கோல்டன்வைசர் நடத்திய கருத்தரங்கில் ‘இந்தியாவில் சாதிகள்’ என்ற கட்டுரையை வாசித்தார். வகுப்புக்காக எழுதிய கட்டுரைதான். அடுத்த ஆண்டு மே மாதம் ‘இந்தியன் ஆன்டிக்வரி’ இதழில் வந்தது.

அந்தக் கட்டுரையில் அம்பேத்கரின் சொந்தக் கதை ஒரு வரிகூடக் கிடையாது. சதாரா பள்ளியில் தனியாகக் கோணிப்பையில் உட்கார்ந்தது கிடையாது, தண்ணீர் மறுக்கப்பட்டது கிடையாது. சாதியை அவர் ஒரு பொறியைப் பிரித்துப் பார்ப்பதுபோலப் பார்க்கிறார். புறமணம் பரவலாக இருந்த ஒரு சமூகத்தின் மேல் அகமணத்தைச் சுமத்தியதில்தான் சாதி பிறந்தது என்பது அவர் முடிவு. ஒரு குழு தனக்குள்ளேயே மணம் செய்துகொள்ள வேண்டுமானால் ஆண், பெண் எண்ணிக்கை சமமாக இருக்க வேண்டும். கணவன் முதலில் இறந்தால் ஒரு பெண் மிஞ்சுகிறாள், மனைவி முதலில் இறந்தால் ஓர் ஆண் மிஞ்சுகிறான். மிஞ்சியவர்கள் குழுவுக்கு வெளியே மணம் தேடினால் வேலி உடைந்துவிடும். மிஞ்சிய பெண்ணைக் கணவனோடு எரித்துவிடலாம், அல்லது கைம்பெண்ணாக்கி வாழ்நாள் முழுக்கக் கட்டிப்போடலாம். மிஞ்சிய ஆணை எரிக்க முடியாது, அவன் ஆண். துறவியாக்கினாலும் குழுவுக்கு நட்டம். எனவே இன்னும் மணச்சந்தைக்கு வராத சிறுமியை அவனுக்குக் கட்டிவை. உடன்கட்டை, கட்டாயக் கைம்மை, குழந்தை மணம் ஆகிய மூன்றும் தனித்தனி மூடப்பழக்கங்கள் என்றே சீர்திருத்தக்காரர்கள் பேசிவந்த காலத்தில், மூன்றும் ஒரே கணக்கின் மூன்று விடைகள் என்று ஒரு மாணவர் வகுப்பறையில் நிறுவிக் காட்டினார்.

பிறகு மற்ற சாதிகள் எப்படி வந்தன? மனு என்ற ஒருவர் சட்டம் போட்டு இத்தனை கோடிப் பேரைப் பிரித்திருக்க முடியாது என்று அதையும் தள்ளுகிறார். முதலில் ஒரு வகுப்பு தன் கதவைச் சாத்திக்கொண்டது, மற்றவர்களில் சிலர் பார்த்துச் சாத்திக்கொண்டார்கள், சிலர் முகத்தில் மற்றவர்கள் சாத்தினார்கள். அதிகாரத்தில் இருப்பவரைக் கீழிருப்பவர் பின்பற்றும் போக்கை விளக்கப் பிரெஞ்சுச் சமூகவியலாளர் தார்த்தைத் துணைக்கு அழைக்கிறார். செனார், நெஸ்ஃபீல்ட், ரிஸ்லி, கேட்கர் என்று அன்றைய சாதி ஆய்வின் பெரிய பெயர்களை ஒவ்வொருவராக எடுத்து, இன்ன இடத்தில் சரி, இன்ன இடத்தில் பிழை என்று திருத்துகிறார். தேர்வுத் தாள் திருத்தும் தோரணை, சொல்லப்போனால் கொஞ்சம் கூடுதலாகவே இருக்கிறது. எனக்கு அது பிடிக்கிறது.

சொந்த அனுபவத்தை அம்பேத்கர் எழுதாமலில்லை. கோரேகாவ் பயணத்தில் வண்டிக்காரர் மறுத்ததும், 1917இல் பரோடாவில் பார்சி விடுதியிலிருந்து விரட்டப்பட்டதும் ‘விசாவுக்காகக் காத்திருத்தல்’ என்ற சிறு நூலில் வருகின்றன. 1930களின் நடுவில் எழுதியது, 1990இல்தான் தனி வெளியீடாக வந்தது. தீண்டாமை என்றால் என்ன என்று அறியாத வெளிநாட்டு வாசகர்களுக்காக எழுதப்பட்டது அது. நிகழ்ச்சிகளைச் சொல்லி நிறுத்திக்கொள்கிறது. எந்த எழுத்து யாருக்கு, எதற்கு என்பதில் அவருக்குக் குழப்பமே இல்லை. அறிஞர்கள் முன் கோட்பாடு, அறியாதவர் முன் சாட்சியம். 1920 ஜனவரி 31இல் தொடங்கிய ‘மூக்நாயக்’ இதழில் மூன்றாவது ஒரு நடை, தம் மக்களோடு மராத்தியில் நேராகப் பேசும் நடை. அந்த இதழுக்குக் காசு கொடுத்து விளம்பரம் போடக் கேட்டபோதும் திலகரின் ‘கேசரி’ மறுத்துவிட்டது என்பதை அம்பேத்கரே பதிவுசெய்திருக்கிறார்.

அதே 1916இல் சென்னையிலும் மாணவர்கள் எழுதிக்கொண்டிருந்தார்கள். சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் இந்தியப் பொருளியல் பேராசிரியராக வந்து சேர்ந்த கில்பர்ட் ஸ்லேட்டர், விடுமுறைக்கு ஊர் போகும் மாணவர்கள் கையில் கேள்விப் பட்டியலைக் கொடுத்து அனுப்பினார். நிலம் யாரிடம், கூலி என்ன, கடன் எவ்வளவு, என்ன சாப்பிடுகிறார்கள் என்று எழுதிவரச் சொன்னார். இருவேல்பட்டு, வடமலைபுரம், கங்கைகொண்டான், பாலக்குறிச்சி, தூசி போன்ற ஊர்களின் விவரம் 1918இல் நூலாக வந்தது. தென்னிந்தியக் கிராம ஆய்வின் தொடக்கம் அதுதான். பின்னர் தாமஸும் ராமகிருஷ்ணனும் 1930களில் அதே ஊர்களுக்குத் திரும்பப் போனார்கள். 1980களில் சென்னை வளர்ச்சி ஆய்வு நிறுவனத்தார் போனார்கள். இருவேல்பட்டுக்கு 2008இல் ஜான் ஹாரிஸ், ஜெயரஞ்சன், நாகராஜ் மூவரும் போனார்கள். கடனுக்குக் கட்டுண்ட படியாள் முறை எப்படித் தேய்ந்து மறைந்தது என்பதை ஏறத்தாழ நூறாண்டு இடைவெளியில் ஒப்பிட முடிவது அந்த மாணவர் குறிப்புகளால்தான்.

ஆனால் 1916இல் பல்கலைக்கழகம் வரை வந்தவர்கள் பெரும்பாலும் நிலமுடைய குடும்பத்துப் பிள்ளைகள். எண்ணுகிறவர் மாடிவீட்டிலும் எண்ணப்படுகிறவர் சேரியிலும் இருந்தார்கள். அதற்காக அந்தக் குறிப்புகளைத் தள்ள வேண்டியதில்லை, கூலியும் கடனும் எண்களாக இருப்பதே பெரிய காரியம். ஒன்றை மட்டும் கவனிக்கலாம். இவற்றை நிலக்கிழார் மகனின் அனுபவப் பதிவு என்று யாரும் அழைத்ததில்லை. பொருளியல் என்றுதான் அழைக்கிறார்கள்.

இந்த வேறுபாட்டுக்குப் பெயர் சூட்டி வெளிப்படையாக விவாதத்துக்குக் கொண்டுவந்தவர் அரசியல் கோட்பாட்டாளர் கோபால் குரு. 2002இல் ‘எகனாமிக் அண்ட் பொலிட்டிகல் வீக்லி’ இதழில் அவர் எழுதிய கட்டுரை, இந்தியச் சமூக அறிவியலுக்குள்ளேயே கோட்பாட்டுப் பிராமணர்கள், தரவுச் சூத்திரர்கள் என்று வருணம் உண்டு என்றது. தலித் மாணவர்கள் தகவல் திரட்டலாம், கவிதை எழுதலாம், தன்வரலாறு எழுதலாம். சிந்தித்துப் பொதுமைப்படுத்துவது வேறு யாருடைய வேலையோ என்று ஏற்பாடாகியிருக்கிறது. தலித்துகளும் கவிதையே போதும் என்று அந்த ஏற்பாட்டுக்குள் அடங்கிவிடுகிறார்கள் என்று தம் பக்கத்தையும் அவர் கடிந்துகொண்டது பலருக்குக் கசந்தது. அவருக்கும் மெய்யியலாளர் சுந்தர் சருக்கைக்கும் இதையொட்டி நடந்த நீண்ட விவாதம் 2012இல் நூலாகவே வந்தது. அனுபவித்தவர்தான் கோட்பாடு எழுத முடியுமா என்ற கேள்வியில் இருவரும் ஒரே இடத்தில் நிற்கவில்லை.

குருவின் கடுமை நியாயமானதா என்று பார்க்க அவுரங்காபாதுக்குப் போக வேண்டும். நிஜாம் ஆட்சியிலிருந்து 1948இல் விடுபட்ட மராத்வாடாவில் உயர்கல்வி மிக அரிது. அங்கே அம்பேத்கரின் மக்கள் கல்விச் சங்கம் 1950இல் திறந்த கல்லூரி பின்னர் மிலிந்த் என்று பெயர் பெற்றது. கிராமத்து மஹார்வாடாக்களிலிருந்து குடும்பத்தில் முதல் ஆளாகப் படிக்க வந்தவர்களுக்கு அங்கே வகுப்பும் விடுதியும் இருந்தன, எழுதச் சொல்லும் ஆசிரியர்களும் இருந்தார்கள். முதல்வர் எம். பி. சிட்னிஸ் ‘யுகயாத்ரா’ என்ற நாடகத்தை எழுதி மாணவர்களை நடிக்க வைத்தார். அமெரிக்காவில் ஆய்வை முடித்துத் திரும்பிய எம். என். வான்கடே, அங்கே கறுப்பின மக்களின் எழுத்தைப் பார்த்துவிட்டு வந்து, நம் எழுத்து எப்படி இருக்க வேண்டும் என்ற உரையாடலைத் தொடங்கிவைத்தார். 1967 வாக்கில் கங்காதர் பான்தவணே ‘அஸ்மிதா’ இதழைத் தொடங்கினார். விரைவிலேயே ‘அஸ்மிதாதர்ஷ்’ ஆன அந்தக் காலாண்டிதழில்தான் தலித் இலக்கியத்தின் இலக்கணம் விவாதிக்கப்பட்டது.

கவிதைகளும் தன்வரலாறுகளும் அங்கிருந்து பெருகின, உண்மை. தயா பவாரின் ‘பலுதா’ 1978இல் வந்தபோது மராத்தி நடுத்தர வர்க்கம் அதிர்ந்துபோனது. ஆனால் அஸ்மிதாதர்ஷின் பக்கங்களில் அழகியல் விவாதம் நடந்தது, மார்க்சியமா பௌத்தமா என்ற சண்டை நடந்தது, மராத்தி விமர்சன மரபை உரித்துப் பார்க்கும் கட்டுரைகள் வந்தன. மொழிபெயர்ப்பாளர்களும் பதிப்பகங்களும் பிற மொழிகளுக்குத் தேர்ந்து எடுத்துப்போனது தன்வரலாறுகளைத்தான். தலித்துகள் கோட்பாடு எழுதவில்லை என்ற தோற்றத்தில் சந்தைக்கும் பங்கு உண்டு என்பேன். குரு அதற்குக் குறைவான இடமே தருகிறார்.

தமிழிலும் இதே கதைதான். பாமாவின் ‘கருக்கு’ 1992இல் வந்தது, பல மொழிகளுக்குப் போனது, கல்லூரிகளில் பாடமானது. பட்டம் பெற்று ஆசிரியராகி, துறவு மடத்துக்குள் போய், அங்கும் சாதியைப் பார்த்து வெளியேறிய ஒரு பெண், திருச்சபையின் சமத்துவப் பேச்சை அதன் நடைமுறையோடு ஒப்பிட்டு வைக்கும் விசாரணை அந்த நூலில் இருக்கிறது. வகுப்பறைகளில் அந்த விசாரணைக்குக் கிடைக்கும் நேரம் மிகக் குறைவு. ராஜ் கௌதமனின் ‘சிலுவைராஜ் சரித்திரம்’ நாவலைப் படித்தவர்கள் அதிகம். அவர் 1990களின் தொடக்கத்தில் எழுதிய ‘தலித் பண்பாடு’, பின்னர் சங்க இலக்கியத்தையும் தொல்காப்பியத்தையும் வைத்துத் தமிழ்ச் சமூகத்தின் உருவாக்கத்தை ஆராய்ந்த பெருநூல்கள் ஆகியவற்றோடு மல்லுக்கு நின்ற தமிழறிஞர்கள் குறைவு. சங்க இலக்கியத்தைப் பற்றி ஒரு தலித் பேராசிரியர் சொன்னதை மறுத்தாவது எழுதியிருக்கலாம். மறுப்பும் ஒரு மரியாதை.

மிலிந்த் கல்லூரியில் படித்தவர்களில் ஒருவர் பொருளியலாளர் சுகதேவ் தோரட். 2006இல் டெல்லி எய்ம்ஸ் மருத்துவக் கல்லூரியில் தலித், பழங்குடி மாணவர்கள் நடத்தப்படும் விதத்தை விசாரிக்க அமைத்த குழுவுக்கு அவர் தலைவர். 2007இல் வந்த அறிக்கை ஆசிரியர்களின் போக்கு, உள்மதிப்பீடு, விடுதியில் தனித்து ஒதுங்க நேர்ந்த நிலை என்று மாணவர்கள் சொன்னதையெல்லாம் கேள்வித்தாள் வழியாகத் திரட்டி அட்டவணையாக்கியது. ஒருவர் வாயிலிருந்து வந்தால் புலம்பல் என்று தள்ளக்கூடியதை, பல பேரின் விடைகள் அட்டவணையில் ஒன்றாக நிற்கும்போது அவ்வளவு எளிதாகத் தள்ள முடியாது. இந்தியாவின் ஒரு தலையாய கல்வி நிறுவனத்தில் சாதிப் பாகுபாட்டை விசாரிக்க அரசு அமைத்த முதல் குழு அது.

அதே ஆண்டு தோரட்டும் நியூயார்க் நகரப் பல்கலைக்கழகத்தின் பால் அட்டவெலும் வெளியிட்ட ஆய்வு இன்னும் விசித்திரமானது. அதற்கான மூலப்பொருள் முழுக்க முழுக்கப் பட்டதாரிகளின் பெயரில் எழுதப்பட்ட வேலை விண்ணப்பங்கள். ஆங்கில நாளிதழ்களில் தனியார் நிறுவனங்கள் கொடுத்த 548 விளம்பரங்களுக்கு 66 வாரங்களில் 4,808 விண்ணப்பங்கள் போயின. ஒரே படிப்பு, ஒரே தகுதி, ஒரே அனுபவம், பெயர் மட்டும் வேறு. ஒன்றில் உயர்சாதிப் பெயர், ஒன்றில் தலித் பெயர், ஒன்றில் முஸ்லிம் பெயர். நேர்காணல் போன்ற அடுத்த கட்டத்துக்கு அழைக்கப்படும் வாய்ப்பு உயர்சாதிப் பெயருக்கு 1 என்றால் தலித் பெயருக்கு 0.67, முஸ்லிம் பெயருக்கு 0.33. அனுபவம் என்று ஒதுக்க இங்கே ஆளே கிடையாது, ஏனென்றால் விண்ணப்பித்தவர்கள் யாரும் உண்மையில் இல்லை. பெயரைப் பார்த்து நாங்கள் தேர்ந்தெடுப்பதில்லை என்று மேலாளர்கள் நேர்காணல்களில் எவ்வளவு வேண்டுமானாலும் சொல்லலாம். எண் அப்படிச் சொல்லவில்லை.

அம்பேத்கரின் 1916 கட்டுரையில் ஒரு வாக்கியம் கேட்கரிடமிருந்து கடன் வாங்கியது. இந்துக்கள் உலகின் பிற பகுதிகளுக்குக் குடிபெயர்ந்தால் சாதி உலகப் பிரச்சினையாகிவிடும் என்ற கருத்து அது. கேட்கர் கார்னெல் பல்கலைக்கழகத்தில் ஆய்வு செய்தவர். அமெரிக்கக் கல்வி நிலையங்களில் அமர்ந்து இரண்டு மராத்தி மாணவர்கள் எழுதிய அந்த ஐயம், நூறாண்டு கழித்து அமெரிக்கக் கல்வி நிலையங்களிலேயே மெய்ப்பட்டது. பிராண்டைஸ் பல்கலைக்கழகம் 2019இல் தன் பாகுபாட்டுத் தடை விதிகளில் சாதியைச் சேர்த்தது. அப்போது 23 வளாகங்கள் கொண்டிருந்த கலிபோர்னியா மாநிலப் பல்கலைக்கழகத்தில் மாணவர் சங்கம் 2021இல் தீர்மானம் எழுதி நிறைவேற்றியது, 2022 ஜனவரியில் நிர்வாகம் சாதியை விதியில் சேர்த்தது. எண்பதுக்கு மேற்பட்ட ஆசிரியர்கள் கையொப்பமிட்டு எதிர்ப்புக் கடிதம் கொடுத்தார்கள். இந்திய, இந்து ஆசிரியர்களை மட்டும் இது சந்தேகத்துக்கு உள்ளாக்குகிறது என்பது அவர்கள் வாதம். அதே வாதம் மாநிலச் சட்டமன்றம் வரை போனது; சாதிப் பாகுபாட்டைத் தடைசெய்யும் மசோதாவை 2023 அக்டோபரில் ஆளுநர் தடுத்துவிட்டார். அந்த எதிர்ப்பை நான் ஏற்கவில்லை. விதியில் சாதி என்று எழுதினால் எந்தச் சாதிக்காரரும் அதன் கீழ் புகார் கொடுக்கலாம், எந்தச் சாதிக்காரர் மீதும் கொடுக்கலாம். ஆனால் எதிர்த்தவர்கள் வாதத்தோடு வந்தார்கள் என்பதைக் குறித்துக்கொள்ள வேண்டும். மாணவர்களின் தீர்மானத்தைப் படித்து யாரும் உருகி நிற்கவில்லை.

நம் ஊரில் நிலைமை என்ன? தமிழ்நாட்டின் அரசுக் கல்லூரிகளிலும் பல்கலைக்கழகத் துறைகளிலும் முதல் தலைமுறைப் பட்டதாரிகள் கடந்த முப்பது, நாற்பது ஆண்டுகளில் எழுதிக் குவித்த எம்.பில். ஆய்வேடுகள் அடுக்கடுக்காக இருக்கின்றன. பஞ்சமி நிலம், இரட்டைக் குவளை, துப்புரவுப் பணியாளர்களின் கடன், செங்கல் சூளைக் கொத்தடிமை, ஒரு தாலுகாவின் குலதெய்வங்கள் என்று அவர்கள் தேர்ந்துகொண்ட தலைப்புகள் பெரும்பாலும் சொந்த ஊரைப் பற்றியவை. 1916இல் எண்ணப்பட்டவர்களின் பேரப்பிள்ளைகள் இப்போது எண்ணுகிறார்கள். எல்லாம் தரமானவை என்று சொல்ல மாட்டேன். முதல் அத்தியாயத்தை எங்கிருந்தோ எடுத்து ஒட்டியவை உண்டு. ஆனால் மூன்றாம், நான்காம் அத்தியாயங்களில், வீடு வீடாகப் போய்க் கேட்டு எழுதிய பக்கங்களில், வேறெங்கும் கிடைக்காத விவரங்கள் இருக்கின்றன.

முனைவர் பட்ட ஆய்வேடுகளை ‘சோத்கங்கா’ மின்களஞ்சியத்தில் சேர்க்க வேண்டும் என்று பல்கலைக்கழக மானியக் குழு 2009இல் விதி செய்தது. எம்.பில். ஏடுகளில் பெரும்பகுதி அந்தக் களஞ்சியத்துக்குள் வரவில்லை. அந்தப் படிப்பையே குழு 2022இல் நிறுத்தியும்விட்டது. இனிப் புதிதாக வரப்போவதில்லை, இருப்பவைதான் இருக்கும். ஸ்லேட்டரின் மாணவர்கள் போன ஊர்களுக்கு ஆய்வு நிறுவனங்கள் மீண்டும் போக வேண்டும்தான். அதற்கு முன், அந்தந்த மாவட்டக் கல்லூரித் துறை நூலகங்களுக்குப் போய் இந்த ஏடுகளை மின்படியாக்கலாம். எழுதியவர்களில் பலர் இப்போது பள்ளி ஆசிரியர்களாகவும் கிராம நிர்வாக அலுவலர்களாகவும் வங்கி ஊழியர்களாகவும் இருப்பார்கள். தங்கள் ஏட்டின் எந்த எண்ணை நம்பலாம், எதை நம்பக் கூடாது என்று அவர்களையே கேட்கலாம்.